ஜனவரி 1-ல் பிறந்தவர்கள்

எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தில் இந்த ஆண்டு ஒரு நல்ல காரியம் தொடங்கினார்கள். எழுபது தாண்டியவர்களுக்குப் பிறந்தநாளன்று வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துச் சொல்வது. செயலாளர் கைவசம் இருந்த ஆதார் நகல்களைப் பார்த்துப் பட்டியல் போட்டார். மொத்தம் 19 பேர். அவர்களில் 7 பேருக்குப் பிறந்தநாள் ஜனவரி 1. "பொங்கலுக்கு முன்னாலேயே பாதி வாழ்த்து தீர்ந்துவிடும் போலிருக்கிறதே சார்" என்று சிரித்தார்.

அந்த ஏழு பேரில் ஒருவர்கூட ஜனவரி 1-ல் பிறந்தவர் அல்ல. ஒரு அம்மையார் ஆடிப்பெருக்கு அன்று பிறந்தவர். நாள், நேரம், நட்சத்திரம் எல்லாம் தெரியும்; எந்த வருஷம் என்பதில்தான் சந்தேகம். இன்னொருவருக்கு வருஷம் தெரியும், நாள் தெரியாது. இரண்டு பேருடைய அறியாமையும் வேறு வேறு. ஆனால் அட்டை இருவருக்கும் ஒரே பிறந்தநாளைக் கொடுத்துவிட்டது.

இது எப்படி வந்தது என்று யோசித்தபோது, நம் ஊரில் தேதி எழுதிய சரித்திரமே அதற்குள் இருப்பதாகப் பட்டது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் பதிவேடு, சான்றிதழ், பணிப்புத்தகம் என்றே போயிற்று. என் மருமகள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். வெளியிலிருந்து வரும் தேதிகளைப் படித்துப் பொருள் கொள்ளும் நிரல்தான் அவளுடைய இப்போதைய வேலை. கண்டிப்பாகப் படித்தால் பழைய பதிவுகள் உள்ளே வரமாட்டேன் என்கின்றன, தாராளமாகப் படித்தால் தப்பும் தவறும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகின்றன என்று அலுத்துக்கொள்வாள். அது கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த தொல்லை அல்ல என்பது என் அபிப்பிராயம்.

நம் பெரியவர்கள் எழுதிய முறையை முதலில் பார்ப்போம். பழைய பத்திரங்களில் ௵, ௴, ௳ என்ற மூன்று குறிகளைப் பார்த்திருப்பீர்கள். முறையே வருஷம், மாதம், நாள். "விகிருதி ௵ ஆவணி ௴ 12 ௳" என்று எழுதினால் விஷயம் முடிந்தது. நான் பிறந்ததும் விகிருதியில்தான். ஆனால் விகிருதி எது? 1950-ல் பிறந்ததும் விகிருதி, 2010-ல் பிறந்ததும் விகிருதி, 1890-ல் பிறந்ததும் விகிருதி. அறுபது பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். நூற்றாண்டு அதில் கிடையாது. 2000-ம் ஆண்டு பிறக்கும்போது "50 என்று எழுதினால் 1950-ஆ 2050-ஆ என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது" என்று உலகமே பதறியது. நாம் அதே சங்கடத்தோடு பல நூற்றாண்டுகள் நிம்மதியாக வாழ்ந்திருக்கிறோம்.

எப்படி நிம்மதியாக? ஜாதகம் எழுதியவர் வருஷப் பெயரோடு நிறுத்தமாட்டார். மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் என்று அடுக்கிக்கொண்டே போவார். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. நம் கணக்கில் அறுபது சூரிய வருஷம் என்பது 21,915 அல்லது 21,916 நாள். ஏழால் வகுத்துப் பாருங்கள், மீதி 5 அல்லது 6 வரும். அதாவது அடுத்த சுற்றில் அதே வருஷப் பெயர், அதே மாதம், அதே தேதி வந்தாலும் கிழமை ஒருநாளும் அதேயாக இராது. கிழமையை மட்டும் சரியாக எழுதியிருந்தால் தாத்தாவின் விகிருதியும் பேரனின் விகிருதியும் குழம்பாது. கட்டம் தளர்த்தியானது, ஆனால் சரிபார்க்க வழி உள்ளேயே இருந்தது.

அந்த வழியைப் பிடித்துக்கொண்டு பெரிய வேலை செய்தவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் தலைவராகவும் இருந்தவர். கி.பி. 700 முதல் 1799 வரை ஆயிரத்து நூறு ஆண்டுகளின் நாட்களையும் திதி நட்சத்திரங்களையும் கணக்கிட்டு அவர் தயாரித்த இந்தியன் எபிமெரிஸ், 1922-ல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சாயிற்று. கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டும், பட்சமும், கிழமையும், நட்சத்திரமும் மட்டும் இருந்தால்கூட அது ஆங்கிலத் தேதியில் எந்த நாள் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். விவரங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் அதையும் கண்டுகொள்ளலாம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், கையால் போட்ட கணக்கு! அவருக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம். நமக்கு சினிமாக்காரர்களுக்கே இடம் போதவில்லை.

இப்போது நான் வளர்ந்த பக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஏற்படுத்திய பதிவேட்டுக்கு 'எத்தா சிவில்' என்று பெயர். பிரான்சில் 1792-ல் புரட்சி அரசாங்கம் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவைக் கோயில் பாதிரிமாரிடமிருந்து எடுத்து நகராட்சியிடம் கொடுத்தது. அடுத்த வருஷமே மாதங்களின் பெயர்களையும் மாற்றி, வாரத்துக்குப் பத்து நாள் என்று புதுப் பஞ்சாங்கமும் போட்டார்கள். அது 1805 முடிவு வரை ஓடி நின்றுபோனது. புதுச்சேரி 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் கைக்குப் போய் 1816-ல்தான் திரும்பியது. அதனால் அந்தக் கூத்திலிருந்து நம் பதிவேடுகள் தப்பின. சிவில் சட்டம் 1819-ல் இங்கே பிரகடனமாயிற்று.

அந்தச் சட்டத்தின் வாசல் குறுகியது. குழந்தை பிறந்து 3 நாளைக்குள் 'மேரி'க்குப் போய்ச் சொல்ல வேண்டும். தவறினால் எழுத்தர் பேனாவைத் தொடமாட்டார், நீதிமன்றத் தீர்ப்பு வாங்கி வர வேண்டும். தேதியை எண்ணில் எழுதுவதில்லை. ஆண்டு, மாதம், நாள் எல்லாம் எழுத்தில். மணி உட்பட. எண்ணில் 1-ஐ 7 ஆக்கலாம், எழுத்தில் அது முடியாது. பதிவேடு இரண்டு படிகள். குடியேற்ற நாடுகளுக்கு 1776-ம் ஆண்டு அரசாணைப்படி மூன்றாவது படி கப்பலேறிப் பிரான்சுக்குப் போகும். புயலில் இங்கே தாள் நனைந்தாலும் அங்கே இருக்கும். இன்றைக்கும் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பழைய புதுச்சேரிக்காரர்கள் பிறந்த தேதியோடு பத்திரமாக இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கண்டிப்பு அல்ல. ஓரம்தான். ஒவ்வொரு பக்கத்திலும் இடது பக்கம் அகலமாக வெற்று இடம் விட்டிருப்பார்கள். பின்னால் பெயரோ தேதியோ திருத்த வேண்டுமானால், தீர்ப்பு வந்த பிறகு அந்த ஓரத்தில் எழுதுவார்கள்: இன்ன நீதிமன்றம், இன்ன நாள், இன்ன திருத்தம். உள்ளே எழுதியது எழுதியபடி இருக்கும். அதை அடிக்கவும் கூடாது, சுரண்டவும் கூடாது. பின்னால் வருபவனுக்கு முதலில் என்ன சொன்னார்கள், பிறகு என்ன தெரிந்தது என்று இரண்டும் தெரியும். 'மார்ழ்' என்று எங்கள் வாத்தியார் சொல்லும் அந்த ஓரத்தை நோட்டுப் புத்தகத்தில் விடாமல் எழுதினால் பிரம்படி. அப்போது அதன் மகிமை புரியவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம், மதராஸ் மாகாணத்தில் நிலைமை வேறு. 1899-ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. நகராட்சிகளில் ஓரளவு நடந்தது. கிராமங்களில் பல குழந்தைகள் பதிவேட்டில் ஏறவே இல்லை. ஏறியவர்களும் "இன்னாருக்கு ஆண் குழந்தை" என்பதோடு சரி. பெயர் வைப்பதற்கு முன் பதிந்ததால் பெயர் இராது. அந்தப் பெயரில்லாப் பிள்ளைகள் ஐம்பது வயதுக்கு மேல் பெயர் சேர்க்க அலைந்ததும், அரசாங்கம் அதற்கான கெடுவைப் பலமுறை நீட்டித்ததும் நம் கண் முன்னால் நடந்தவைதான்.

ஆக, பெரும்பாலோருக்குப் பிறந்த தேதி உண்டான இடம் பள்ளிக்கூடம். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடு என்பார்கள். தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள். ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் நாள், மாதம், வருஷம் என்று மூன்றும் எழுதியாக வேண்டும். காலியாக விட முடியாது. தலைமையாசிரியர் என்ன செய்வார்? பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலிருந்து ஐந்து வருஷம் பின்னால் போய், மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். இதைப் படிக்கும் அன்பர்களில் எத்தனை பேருக்கு மே, ஜூன் பிறந்தநாள் என்று ஒரு நிமிஷம் உங்கள் பழைய அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தலைமையாசிரியர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தெரிந்தது "சுமார் ஐந்து வயது" என்பது. அதை அப்படியே எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. எதையும் காலியாக விடாதே என்று கட்டளை போட்டால் கட்டம் நிரம்பும், அவ்வளவுதான். உண்மையால்தான் நிரம்பும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? புதுச்சேரிக் கண்டிப்பு பிடிபட்டதற்குக் காரணம், அங்கே கேள்வி கேட்டது பிறந்த மூன்றாம் நாள். இங்கே ஐந்து வருஷம் கழித்துக் கேட்டார்கள்.

பிறகு அந்தத் தேதி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறி, அங்கிருந்து பணிப்பதிவேட்டில் ஏறிக் கல்லாகிவிடும். தமிழ்நாட்டில் வேலையில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் மாற்றம், அதற்குப் பின் கிடையாது. 1993-ல் தமிழ்நாடு உள்துறை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் நியாயத்தைச் சொன்னது: ஒருவர் ஓய்வு பெறும் நேரத்தில் தேதியை மாற்றினால், பின்னால் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் வரிசையே குலையும். சரியான பேச்சு. ராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே. சிங் விவகாரம் நினைவிருக்கும். ராணுவத் தலைமையகத்தின் ஒரு பிரிவில் 1950 மே 10, இன்னொரு பிரிவில் 1951 மே 10. ஒரே ஆள், ஒரே ராணுவம், இரண்டு ஏடுகள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் அவர் மனுவைத் திரும்பப் பெற்றபோது 1950 நிலைத்தது.

இனிக் கம்ப்யூட்டர். எங்கள் சங்கத்துக் கதவு எண்களை எக்ஸெல்லில் ஏற்றும்போது 5/12 என்று அடித்தால் அது '05-டிச' ஆகிவிடுகிறது. பலரும் பட்டிருப்பீர்கள். தேதி மாதிரி இருந்தால் தேதி என்று தானே எடுத்துக்கொள்ளும் தாராளம். இதன் உச்சம் மரபணு ஆராய்ச்சியில் நடந்தது. மார்ச்1, செப்ட்1 என்ற சுருக்கப் பெயர்கள் கொண்ட மரபணுக்கள் உண்டு. விஞ்ஞானிகள் பட்டியல் போட்டால் அவை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதிகளாகிவிடும். பல ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகள் இப்படிக் கெட்டுப்போயின. கடைசியில் 2020-ல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்ஸெல்லில் 2023-ல்தான் வந்தது. அதுவும் வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளலாம் என்ற அளவில். ஏன் அடியோடு எடுக்கவில்லை என்று மருமகளைக் கேட்டேன்.

"அதை நம்பி கோடிக்கணக்கான ஷீட் ஓடிட்டிருக்கு மாமா. திருத்தினா அவங்களுக்கு அது ரிப்பேர் இல்லை, உடைப்பு" என்றாள்.

அதற்கு அவள் காட்டிய இன்னொரு அத்தாட்சி எனக்கு மிகவும் பிடித்தது. எக்ஸெல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண் கொடுக்கிறது. அதில் 60-ம் எண்ணுக்கு உரிய நாள் 1900 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாளே கிடையாது! 1900 நாலால் வகுபடும், ஆனால் நானூறால் வகுபடாது. எனவே லீப் வருஷம் அல்ல. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற நிரலில் இருந்த பிழை அது. லோட்டஸ் கோப்புகளைத் திறக்க வேண்டும் என்பதற்காக எக்ஸெல் அந்தப் பிழையையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. இன்று திருத்தினால் உலகத்துக் கணக்குத் தாள்களில் எல்லாத் தேதிகளும் ஒரு நாள் நகரும். ஆகவே இல்லாத நாள் ஒன்று நாற்பது ஆண்டுக்கு மேலாகச் சௌக்கியமாக இருந்துகொண்டிருக்கிறது.

தாராளத்துக்கு வேதவாக்கு சொன்னவர் ஜான் போஸ்டெல். இணையத்தின் ஆரம்ப விதிகளை எழுதியவர்களில் ஒருவர். 1980-ல் அவர் எழுதிய ஆவணத்தில், அனுப்புவதில் கட்டுப்பாடாகவும் வாங்குவதில் தாராளமாகவும் இருங்கள் என்ற கருத்து வருகிறது. நல்ல குணம்தான், விருந்தாளிக்கு. தேதிக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜாவா மொழியின் பழைய தேதி நிரல் ஒன்றைச் சொன்னாள் மருமகள். பிப்ரவரி 30 என்று கொடுத்தால் "அப்படி ஒரு நாள் இல்லையே" என்று கேட்காது. தானாகவே மார்ச் 2 என்று எழுதிக்கொண்டு போய்விடும். லீப் வருஷமானால் மார்ச் 1. எங்கள் காலத்து எழுத்தர் யாராவது அப்படிச் செய்திருந்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருக்கும். 2014-ல் வந்த ஜாவா புதுப் பதிப்பில் கண்டிப்பு, நடுத்தரம், தாராளம் என்று மூன்று விதமாகப் படிக்கும் வசதி வைத்தார்கள். பழையதை எடுக்கவில்லை. புதியதைப் பக்கத்தில் வைத்தார்கள்.

இரண்டு இலக்க வருஷத்துக்கும் இப்படி ஒரு அனுமானம் உண்டு. எக்ஸெல்லில் 30 என்று அடித்தால் 1930, 29 என்று அடித்தால் 2029. நம் குடியிருப்பில் 1929-ல் பிறந்த ஒரு பாட்டி இருந்தால், அவசரத்தில் 29 என்று அடித்தவர் புண்ணியத்தில் அவர் இன்னும் பிறக்கவே இல்லை. தேதி எழுதும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 முதலில் 1988-ல் வந்தபோது இரண்டு இலக்க வருஷத்தையும் அனுமதித்தது. 2004 பதிப்பில்தான் நீக்கினார்கள்.

மறுபக்கம், திடீர்க் கண்டிப்பு என்ன செய்யும் என்பதற்கும் அவளிடம் கதை இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்று தரவுகளைச் சேமித்து வைக்கும் மென்பொருள், ஏராளமான இணையதளங்களுக்கு அடித்தளம். அதில் தேதி தெரியாவிட்டால் 0000-00-00 என்று போட்டுவிடும் பழக்கம் இருந்தது. 2015-ல் வந்த 5.7 பதிப்பு, தானாகவே கண்டிப்பு முறையில் ஓடத் தொடங்கியது: பூஜ்ஜியத் தேதி செல்லாது. கொள்கை சரி. ஆனால் அதற்கு முன் எழுதிய அட்டவணைகளில் பூஜ்ஜியங்கள் நிறைந்திருந்தன. பதிப்பை மாற்றியதும் நேற்றுவரை ஓடிய நிரல்கள் இன்று பிழை சொல்லி நின்றன. அவசரத்துக்குப் பலர் செய்தது இரண்டில் ஒன்று: கண்டிப்பை அணைத்துவிட்டார்கள், அல்லது பூஜ்ஜியங்களை எல்லாம் கண்ணில் பட்ட ஒரு தேதியாக மாற்றிவிட்டார்கள். முதலாவது பரவாயில்லை. இரண்டாவதுதான் தலைமையாசிரியரின் ஜூன் மாதம். பூஜ்ஜியம் அசிங்கமாக இருந்தாலும் "தெரியாது" என்று நேர்மையாகச் சொன்னது. அழகான தேதி தெரிந்தது போல நடிக்கிறது.

இந்த இடத்தில்தான் நம் ஆதார் வருகிறது. முதல் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தில் தெம்ப்ளி என்ற கிராமத்தில் வழங்கப்பட்டது. அதை வடிவமைத்தவர்கள் நம் நாட்டை அறிந்தவர்கள் என்றே சொல்வேன். பிறந்த தேதிக்கு மூன்று நிலை வைத்தார்கள்: ஆவணம் காட்டியது, தானே சொன்னது, உத்தேசமானது. வயது மட்டும் சொன்னவர்களுக்கு ஆரம்ப கால அட்டைகளில் 'பிறந்த வருடம்' மட்டும் அச்சாயிற்று. பழைய அட்டை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். காதைத் தொட்ட தலைமுறைக்கு முதன்முறையாக, தெரிந்ததை மட்டும் தெரிந்த அளவுக்கு எழுத ஒரு படிவம் கிடைத்தது.

அது நீடிக்கவில்லை. அட்டையை வாங்கும் மற்ற இடங்கள் எல்லாவற்றிலும் நாள், மாதம், வருஷம் மூன்றும் இருந்தால்தான் திரை அடுத்த பக்கம் போகும். அங்கே வெறும் வருஷம் செல்லாது. ஆகவே உத்தேச வயதுக்காரர்களுக்கு ஜனவரி 1 என்று தானாக நிரப்பப்பட்டது. உள்ளே "இது உத்தேசம்" என்ற குறி இருக்கலாம். அட்டையின் முகத்தில் இல்லை. ஜெராக்ஸில் இல்லை. அடுத்த அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கு அது நிச்சயமான தேதி. பிரெஞ்சுப் பதிவேட்டின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டு நடுப்பக்கத்தை மட்டும் நகல் எடுத்தது போல.

விளைவு சின்ன விஷயமல்ல. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கைத் தீர்த்தது. இறந்தவருக்கு ஆதாரில் 1969 ஜனவரி 1. பள்ளி மாற்றுச் சான்றிதழில் 1970 அக்டோபர் 7. ஆதார்படி பார்த்தால் வயது 47, பள்ளிப்படி 45. இழப்பீட்டுக் கணக்கில் 45 வரை 14-ஆல் பெருக்குவார்கள், 46 ஆனால் 13. உயர் நீதிமன்றம் ஆதாரை எடுத்துக்கொண்டதால் அந்தக் குடும்பத்துக்குக் குறைந்தது. உச்ச நீதிமன்றம் பள்ளிச் சான்றிதழை ஏற்று, ஆதார் அடையாளத்துக்குத்தானே தவிர பிறந்த தேதிக்கு ஆதாரம் அல்ல என்றது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் 2024 ஜனவரியிலேயே பிறந்த தேதிச் சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது.

பள்ளிச் சான்றிதழ் மட்டும் என்ன வானத்திலிருந்து வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு பெருமை உண்டு: ஆதாயம் எதுவும் கண்ணில் தெரியாத வயதில் எழுதியது, அதற்குப் பிறகு யாரும் தொடாதது.

புதியவர்களுக்கு வாசலை இறுக்கி, பழையவர்களை வெளியே தள்ளாமல் இருப்பது எப்படி என்பதற்கு நம் கடவுச்சீட்டு விதிகள் நல்ல பாடம். முன்பு 1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் தர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆனால் 1989-ல் பிறப்புப் பதிவு எல்லா ஊரிலும் ஒழுங்காக நடந்ததா? இல்லை. விதி தயாராக இருந்தது, பதிவேடு தயாராக இல்லை. 2016 டிசம்பரில் அதைத் தளர்த்திப் பள்ளிச் சான்றிதழ், பான் அட்டை, ஓய்வூதிய ஆணை என்று பலவற்றை ஏற்றார்கள். பிறகு பிறப்பு இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் கடவுச்சீட்டு விதியைத் திருத்தியபோது, அந்த 2023 அக்டோபர் 1-லிருந்து பிறப்பவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே சான்று, அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பழையபடி எதுவானாலும் சரி என்று வகுத்தார்கள். கோடு அதே மாதிரிக் கோடுதான். ஆனால் இந்த முறை பதிவேடு தயாரான பிறகு, அந்த நாளிலேயே கிழித்தார்கள். இன்று கைக்குழந்தையாக இருப்பவர்கள் ஜனவரி 1-காரர்கள் ஆகமாட்டார்கள்.

பழையதை ஏற்றுக்கொள்வதில் நம் அரசாங்கம் காட்டும் பெருந்தன்மைக்கு ஒரு வேடிக்கையான சாட்சி: காசோலை. மேக்நாத் சாஹா தலைமையிலான குழு 1955-ல் கொடுத்த அறிக்கைப்படி, 1957 மார்ச் 22-ஐ சக ஆண்டு 1879 சைத்ர 1 என்று வைத்து தேசியப் பஞ்சாங்கம் தொடங்கியது. இந்தியில் சக ஆண்டுத் தேதி எழுதிய காசோலையை வங்கி ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. 1947 சைத்ர 1 என்று எழுதினால் அது 2025 மார்ச் 22. விவரம் அறியாத காசாளர் சுதந்திரத்துக்கு முந்தைய காசோலை என்று திருப்பிவிடக் கூடாது! நான் யாரும் அப்படி எழுதிப் பார்த்ததில்லை. ஆனாலும் வாசல் திறந்தே இருக்கிறது. தமிழ்நாட்டு அரசாணைகளின் தலைப்பிலும் ஆங்கிலத் தேதியோடு தமிழ் வருஷமும் மாதமும் திருவள்ளுவர் ஆண்டும் சேர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் சுவாமிக்கண்ணுப் பிள்ளை போல ஒருவர் ஒன்றை வைத்து ஒன்றைச் சரிபார்க்கலாம்.

மென்பொருள் உலகமும் மெல்ல இந்தப் பக்கம் வந்திருக்கிறது. போஸ்டெலின் தாராளம் காலப்போக்கில் பிழைகளையே வழக்கமாக்கிவிடுகிறது என்று இணையத்தின் தர அமைப்பிலிருந்தே 2023-ல் ஓர் ஆவணம் வந்தது. அதைவிட எனக்குச் சந்தோஷம் தந்தது ஐஎஸ்ஓ 8601-ன் இரண்டாம் பாகம், 2019-ல் வெளிவந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தார் முன்னெடுத்த முறை அதில் சேர்ந்திருக்கிறது. 1950 என்று எழுதி அருகே கேள்விக்குறி போட்டால் "சந்தேகம்". அலைக்குறி போட்டால் "சுமார்". கடைசி இலக்கத்தின் இடத்தில் எக்ஸ் எழுத்தைப் போட்டால் "ஐம்பதுகளில் ஏதோ ஒரு வருஷம்". "சுமார் ஐந்து வயது" என்ற தலைமையாசிரியரின் வார்த்தையை அப்படியே எழுதக் கடைசியில் ஒரு சர்வதேசக் குறி வந்துவிட்டது. அதைப் படிக்கிற நிரலை நம் அலுவலகங்கள் எப்போது வாங்கும் என்பது வேறு விஷயம்.

ஓய்வூதியர்களுக்கு இதில் நேரடியாகச் சம்பந்தம் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியத்தில் 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறானால் முழுதாக இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் உண்டு. கூடுதல் தொகை அந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்காகும். ஆக, கணக்குக்கு வேண்டியது மாதமும் வருஷமும்தான், நாள் அல்ல. ஆனால் பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதி எழுதப்படவே இல்லை. கணவர் போன பிறகு எண்பதைத் தொடும் அம்மாவுக்கு வங்கியில் முதலில் கேட்பது அதைத்தான். பான் அட்டை, பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு, தேதியுள்ள வாக்காளர் அட்டை போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம் என்று உத்தரவு இருக்கிறது. நம் வயதுப் பெண்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். அவர்களுக்கு அட்டைகளில் இருக்கும் தேதியும் யாரோ ஒருவர் உத்தேசமாகப் போட்டதுதான். ஆகவே கணவர் இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பிறந்த தேதியைச் சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும். போவதற்கு முன் ஜாதகம், ஞானஸ்நானச் சீட்டு, பழைய ரேஷன் அட்டை, தம்பி தங்கையின் பள்ளிச் சான்றிதழ் என்று வீட்டில் உள்ளதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டுகிறதா என்று பார்த்து, பிறகு ஏற்கப்படும் சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆடிப்பெருக்கு அம்மையாரின் ஜாதகம் மயிலாடுதுறைப் பக்கம் தம்பி வீட்டில் இருப்பதாகத் தெரிகிறது. கிழமை எழுதியிருந்தால் வருஷத்தைச் சொல்லிவிடலாம். தபாலில் வருகிறது.